18 வெற்றி, 1 தோல்வி: முதல் இடம் ராய் ஃபேஸுக்குத் தகுமா?

மழைநின்றஆட்டம் · சனி, இரவு 10.12

பேஸ்பாலில் ஒரு சீசனில் மிகச் சிறந்த வெற்றி சதவீதம் (வெற்றி தோல்வி இரண்டின் மொத்தத்தில் வெற்றியின் பங்கு) வைத்திருக்கும் பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள், யார் யார் என்ற பட்டியலை இன்று மறுபடி எடுத்து வைத்து உட்கார்ந்தேன். உச்சியில் ராய் ஃபேஸ். 1959, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ். 18 வெற்றி, 1 தோல்வி, .947. குறைந்தது 15 ஆட்டங்களின் முடிவாவது பிட்சர் பெயரில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது வழக்கமான வரம்பு. அந்த வரம்புக்குள் வந்தவர்களில் இன்றுவரை அமெரிக்காவின் உச்ச மட்டமான மேஜர் லீகில் யாரும் ஃபேஸைத் தாண்டவில்லை.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். அந்த வருடம் அவர் வீசிய 57 ஆட்டங்களில் ஒன்றைக்கூட அவர் தொடங்கவில்லை. எல்லாமே பாதியில் வந்து வீசியவை. மொத்தம் 93⅓ இன்னிங்ஸ் (எதிரணியில் மூன்று பேரை அவுட் ஆக்கினால் பிட்சருக்கு ஒரு இன்னிங்ஸ்; ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக ஒன்பது). அதே பட்டியலில் சற்றுக் கீழே ரான் கிட்ரி இருக்கிறார். 1978, நியூயார்க் யாங்கீஸ், 25 வெற்றி, 3 தோல்வி, .893. அவர் வீசியது 273⅔ இன்னிங்ஸ். ஃபேஸைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு உழைப்பு.

இருவரையும் ஒரே தராசில் வைப்பது சரியா? என் ஓட்டு கிட்ரிக்கு. மாற்றுக் கருத்து இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள்.


புதுவரவு · சனி, இரவு 10.40

நான் இப்போதுதான் பேஸ்பால் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். ஆட்டத்தைத் தொடங்காதவருக்கு எப்படி வெற்றி கிடைக்கும்? ஒரே ஆட்டத்தில் நான்கைந்து பிட்சர்கள் வீசுகிறார்களே, வெற்றி யார் கணக்கில் போகிறது? அதை யார் முடிவு செய்கிறார்கள்?


கணக்குப்பிள்ளை · சனி, இரவு 11.25

நல்ல கேள்வி. இது புரிந்தால்தான் மேலே உள்ள சண்டையும் புரியும்.

எந்த அணி ஜெயித்ததோ, அது கடைசியாக முன்னிலை பெற்ற நேரத்தில் யார் அந்த அணியின் பிட்சரோ அவருக்கே வெற்றி. கடைசியாக என்பதுதான் இதில் முக்கியம். அதற்குப் பிறகு முன்னிலை கைமாறவும் கூடாது, சமனாகவும் கூடாது. ஸ்டார்ட்டருக்கு, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சருக்கு, மட்டும் கூடுதலாக ஒரு நிபந்தனை உண்டு, அவர் ஐந்து இன்னிங்ஸாவது வீசி முடித்திருக்க வேண்டும். முடிக்காவிட்டால், பின்னால் வந்தவர்களில் நன்றாக வீசியவர் யார் என்று பார்த்து ஸ்கோரர் கொடுப்பார்.

எங்கள் ஊர்ச் சிறுவர் லீகில் இரண்டு வருடம் ஸ்கோர் புத்தகம் எழுதினேன். ஒரு சனிக்கிழமை ஆட்டம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஒரு பையன் ஐந்து இன்னிங்ஸ், ஒரே ஒரு ரன் கொடுத்தான். 3க்கு 1 என்ற முன்னிலையோடு உட்கார்ந்தான். அவன் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் லேசாக வெற்றியைக் குறிக்கும் டபிள்யூ போட்டு வைத்தேன். அடுத்து வந்த பையன் வந்த வேகத்தில் இரண்டு ரன் கொடுத்து ஆட்டத்தைச் சமனாக்கினான். டபிள்யூவை அழித்தேன். மறு பாதியில் எங்கள் அணி ஒரு ரன் எடுத்து ஜெயித்தது. இப்போது வெற்றி யாருக்கு? இரண்டு ரன் கொடுத்த பையனுக்கு. முதல் பையன் வந்து புத்தகத்தை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனான். விதிப்படி நான் எழுதியது சரி. ஆனாலும் அந்தப் பக்கத்தில் ரப்பர் தேய்த்த தடம் எனக்கு வேறு ஒரு கதை சொல்லிக்கொண்டே இருந்தது.

ஃபேஸின் 18இலும் இப்படிப்பட்டவை சில உண்டு. முன்னிலையைக் காக்க வந்து, அதைத் தானே பறிகொடுத்து, பிறகு நண்பர்களின் பேட்டால் வெற்றி பெற்ற ஆட்டங்கள்.


எடிசன்வாசி · ஞாயிறு, காலை 7.05

கிட்ரியைப் பற்றிப் பேச்சு வந்தபின் என்னால் சும்மா இருக்க முடியாது.

1978இல் அவர் முதல் 13 ஆட்டங்களை வரிசையாக ஜெயித்தார். ஜூன் 17 அன்று கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸுக்கு எதிராக 18 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். சீசன் முடிவில் ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் கணக்கில் ஏறும் ரன்களின் சராசரி, குறைந்தால் நல்லது) 1.74, எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் முழுதாக வீசி முடித்த ஆட்டங்கள் 9. மேஜர் லீகில் 20 அல்லது அதற்கு மேல் ஜெயித்த பிட்சர்களில் இவரை விட நல்ல விகிதம் யாருக்கும் இல்லை. ஆள் பார்க்க ஒல்லி. அந்த உடம்பிலிருந்து அந்த வேகம் எப்படி வந்தது என்று அந்தக் காலத்தில் பார்த்தவர்கள் இன்றும் வியப்பார்கள். லூசியானா மின்னல் என்ற பெயர் சும்மா வரவில்லை.

இன்னொரு சின்னச் செய்தி. அந்த மூன்று தோல்விகளிலும் எதிரே வீசி ஜெயித்தவர்கள் மைக் கால்ட்வெல், மைக் ஃபிளானகன், மைக் வில்லிஸ். மூன்று பேருமே மைக், மூன்று பேருமே இடக்கைப் பிட்சர்கள். இதை முதலில் கேட்டபோது நம்பாமல் ஒவ்வொரு ஆட்டமாகச் சரிபார்த்தேன். உண்மைதான்.


இடக்கை · ஞாயிறு, காலை 9.48

கிட்ரி பெரியவர்தான், மறுக்கவில்லை. ஆனால் லெஃப்டி குரோவை விட்டுவிட்டு எப்படிப் பேசுகிறீர்கள்? 1931, ஃபிலடெல்ஃபியா அத்லெடிக்ஸ். 31 வெற்றி, 4 தோல்வி, .886. கிட்ரியை விட ஆறு வெற்றி அதிகம். தோல்வியோ ஒன்றே ஒன்றுதான் கூட.

அந்த நான்கு தோல்விகளில் ஒன்றை விரிவாகச் சொல்கிறேன். ஆகஸ்ட் 23, செயின்ட் லூயிஸ். அன்று குரோவ் வரிசையாக 16 ஆட்டங்கள் ஜெயித்த நிலையில் வந்து நிற்கிறார். மேஜர் லீகின் இரு லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் அதுவரை யாரும் 16ஐத் தாண்டியதில்லை. வால்டர் ஜான்சனும் ஸ்மோக்கி ஜோ உட்டும் 1912இல் அந்த எண்ணோடு நின்றவர்கள். எதிரணி பிரௌன்ஸ், பலமான அணியல்ல. மூன்றாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட், பேஸில் ஒருவர். ஒரு பந்து இடது அவுட்ஃபீல்டுக்குப் போகிறது. பிடிக்கக்கூடிய பந்து. அங்கே நிற்க வேண்டியவர் அல் சிம்மன்ஸ், ஆனால் அவர் அன்று அணியோடு இல்லை, மில்வாக்கியில் தன் வீட்டில் இருந்தார். அவர் இடத்தில் ஜிம்மி மூர் என்ற புதுப் பையன். அவன் பந்தின் போக்கைத் தப்பாகக் கணித்து முன்னால் ஓடி வந்துவிட்டான். பந்து தலைக்கு மேலே போயிற்று. ஒரு ரன். பிரௌன்ஸ் பிட்சர் டிக் காஃப்மன் அன்று மூன்றே ஹிட் கொடுத்தார். ஆட்டம் 1க்கு 0.

குரோவ் உடைமாற்றும் அறைக்குப் போய்க் கையில் கிடைத்ததையெல்லாம் உடைத்தார். ஆனால் மூரைக் குறை சொல்லவில்லை. ஊரில் இல்லாத சிம்மன்ஸ் மேல்தான் கோபம், அது ஆயுள் முழுக்க ஆறவில்லை. அன்றே நடந்த இரண்டாவது ஆட்டத்தில் அதே அத்லெடிக்ஸ் 10க்கு 0 என்று ஜெயித்தது. அந்தப் பத்தில் இரண்டை முதல் ஆட்டத்துக்குக் கொடுத்திருந்தால் 17!


மழைநின்றஆட்டம் · ஞாயிறு, முற்பகல் 11.20

இடக்கை அண்ணா, நீங்கள் சொன்னதைப் படித்ததும் ஜானி ஆலன் நினைவுக்கு வந்துவிட்டார். 1937, கிளீவ்லாண்ட் இண்டியன்ஸ். 15 வெற்றி, 1 தோல்வி, .938.

அந்த ஒரு தோல்வி எப்போது தெரியுமா? சீசனின் கடைசி நாளில். நடுவில் குடல்வால் சிக்கலால் பல வாரம் படுத்துவிட்டார், அதனால்தான் வெற்றி 15 மட்டும். அந்த 15இலும் ஒரு இடறல் இல்லை. அக்டோபர் 3, டெட்ராய்ட். ஜெயித்தால் 16 வெற்றிக்கு 0 தோல்வி, குரோவும் மற்றவர்களும் நிற்கும் வரிசையில் தானும் நிற்கலாம். முதல் இன்னிங்ஸிலேயே ஹாங்க் கிரீன்பெர்க் அடித்த பந்து தரையோடு வந்து தேர்ட் பேஸ்மேன் ஓடெல் ஹேலைத் தாண்டிப் போக, ஒரு ரன். அது ஒன்றுதான். எதிரே வீசிய ஜேக் வேட் அன்று ஒரே ஒரு ஹிட் கொடுத்தார். மறுபடியும் 1க்கு 0.

ஆலன் முன்கோபி. ஹேல் அதைப் பிடித்திருக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவ்வளவு கோபத்தோடு அந்த வருடம் முடிந்தது. இன்னொருவர் கையுறைக்குக் கீழே போன பந்து, 16 ஆட்டங்களின் கணக்கை .938 ஆக்கிவிட்டது.


பிட்ஸ்பர்க்_பாலம் · ஞாயிறு, மதியம் 1.15

ராய் ஃபேஸுக்காகப் பேச யாராவது வேண்டாமா? நான் பேசுகிறேன்.

ஃபேஸ் ஐந்தடி எட்டு அங்குலம். பிட்சர்களில் குள்ளம் என்றே சொல்ல வேண்டும். வேகத்தை நம்பிப் பிழைக்க முடியாது என்று தெரிந்ததும், 1954இல் ஜோ பேஜ் வீசுவதைப் பார்த்து ஃபோர்க்பாலைக் கற்றுக்கொண்டார். பந்தை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் அகலமாகச் செருகிப் பிடிப்பது அது. நேராக வருவது போல வந்து, பேட்டர் பேட்டை வீசும் இடத்தில் சட்டென்று விழும். தச்சு வேலை தெரிந்த கைகள் அவருடையவை. பின்னாளில் அந்தத் தொழிலுக்கே போனார்.

இன்றைய ரிலீவர்போல (பாதியில் வந்து வீசுபவர்) ஒரு இன்னிங்ஸ் வீசிவிட்டு உட்காரும் காலமல்ல அது. ஏழாவது எட்டாவதில் வந்தால் ஆட்டம் முடியும்வரை நிற்க வேண்டும், பத்தாவது பதினோராவது போனாலும். முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிக்கும் ரிலீவருக்குத் தரும் சேவ் என்ற கணக்கே 1969இல்தான் அதிகாரபூர்வமானது. ஆகவே அவர் உழைப்பைக் குறிக்க அன்று இருந்த ஒரே எழுத்து டபிள்யூதான்.

1958இல் தொடங்கி வரிசையாக 22 வெற்றி. 1959இல் மட்டும் 17. அந்த வரிசை முறிந்தது செப்டம்பர் 11 அன்று லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியத்தில், டாட்ஜர்ஸிடம், 5க்கு 4. வெறும் அதிர்ஷ்டம் 22 ஆட்டம் ஓடாது. கணக்குப்பிள்ளை சார் சொன்ன அந்தச் சில ஆட்டங்களை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஈ.ஆர்.ஏ. 2.70 வைத்திருந்தவரைச் சும்மா கிடைத்த வெற்றிக்காரர் என்பதை ஏற்க மாட்டேன்.

(ரிலீவர் மேல் இந்தச் சந்தேகம் புதிதல்ல. 1966இல் டாட்ஜர்ஸுக்கு வீசிய ஃபில் ரீகன் 14க்கு 1, .933, ஈ.ஆர்.ஏ. 1.62. அவருக்குச் சொந்த அணியிலேயே வைத்த பெயர் பிணந்தின்னிக் கழுகு. அடுத்தவர் உழைத்த ஆட்டத்தில் வந்து இறங்கி வெற்றியைக் கொத்திக்கொண்டு போகிறவர் என்று!)


கணக்குப்பிள்ளை · ஞாயிறு, மாலை 4.30

ஆளுக்கு ஒரு கதை சொல்கிறீர்கள், எல்லாமே உண்மை. நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிட்சர் பெயரில் உள்ள முடிவுகளை அணியின் மொத்தத்திலிருந்து கழித்துவிட்டு, மீதி ஆட்டங்களில் அந்த அணி எப்படி ஆடியது என்று பார்ப்பது. கட்டட விரிசலைத் தட்டிப் பார்ப்பது மாதிரி, எங்கே வெற்றிடம் என்று சத்தத்தில் தெரியும்.

குரோவின் அத்லெடிக்ஸ் 107 வெற்றிக்கு 45 தோல்வி. அவரைக் கழித்தால் 76க்கு 41, .650. அதாவது குரோவ் இல்லாமலேயே அது பயங்கரமான அணி. ஜோ உட்டும் அப்படித்தான். 1912இல் 34க்கு 5, .872, முழுதாக வீசி முடித்த ஆட்டங்கள் மட்டும் 35. இருந்தாலும் அவரைக் கழித்த பாஸ்டன் ரெட் சாக்ஸ் .628.

கிட்ரியைக் கழித்த யாங்கீஸ் 75க்கு 60, .556. நல்ல அணி, ஆனால் முதல் இடத்துக்குப் போதாது.

ஆலனைக் கழித்தால் கிளீவ்லாண்ட் 68க்கு 70. பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஃபேஸைக் கழித்தால் பைரேட்ஸ் 60க்கு 75, .444! அவருக்கும் அணிக்கும் உள்ள இடைவெளி .503. நான் பார்த்தவரை இதுதான் பெரியது. பிட்ஸ்பர்க் நண்பருக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.


எடிசன்வாசி · ஞாயிறு, மாலை 5.10

கணக்கு அழகு, ஆனால் இடிக்கிறது சார். ஃபேஸை எப்போது களத்தில் இறக்கினார்கள்? ஆட்டம் சமனிலோ ஒரு ரன் இடைவெளியிலோ இருக்கும்போது. ஏழாவது இன்னிங்ஸில் ஆறு ரன் பின்தங்கிய ஆட்டத்தில் அவரை இறக்கவே மாட்டார்கள். தோல்விகள் அவர் வருவதற்கு முன்பே இன்னொருவர் பெயரில் எழுதப்பட்டுவிடும். கிட்ரிக்கு அந்தச் சலுகை இல்லை, 0க்கு 0 என்ற நிலையில் முதல் பந்தை அவரே வீச வேண்டும். 35 முறை வீசினார்.

உங்கள் கணக்கை ஸ்டார்ட்டர்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் ஸ்டீவ் கார்ல்டனைச் சேர்த்தே ஆக வேண்டும். 1972இல் ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் 59க்கு 97, அதில் 27 வெற்றி அவருடையது. தோல்வி 10. சதவீதம் .730தான், எந்தப் பட்டியலின் தலையிலும் வராது. ஆனால் அவரைக் கழித்தால் அணி 32க்கு 87. இடைவெளி .461.


கணக்குப்பிள்ளை · ஞாயிறு, மாலை 5.32

ரிலீவரைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. என் கணக்கில் அந்த ஓட்டை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.


சியாட்டில்மழை · ஞாயிறு, இரவு 8.02

1995ஐ மறந்துவிடாதீர்கள். வீரர்களின் வேலைநிறுத்தத்தால் சுருங்கிய சீசன், ஆனால் ஒரே வருடத்தில் இரண்டு பேர் .900ஐத் தொட்டார்கள். அட்லாண்டாவில் கிரெக் மேடக்ஸ் 19க்கு 2, ஈ.ஆர்.ஏ. 1.63. எங்கள் ஊரில் ராண்டி ஜான்சன் 18க்கு 2, 294 ஸ்ட்ரைக் அவுட். ராண்டியைக் கழித்தால் மரினர்ஸ் 61க்கு 64. அவருடைய 18ஆவது வெற்றி, ஏஞ்சல்ஸோடு சமநிலையில் முடிந்த டிவிஷனை (லீகின் ஒரு பிரிவு) முடிவு செய்ய ஆடிய கூடுதல் ஆட்டம். 9க்கு 1. அந்த வெற்றி இல்லாவிட்டால் சியாட்டிலுக்கு முதல் பிளேஆஃபே (சீசனுக்குப் பிந்தைய கோப்பைச் சுற்று) இல்லை.


ஜப்பானில்_பத்தாண்டு · திங்கள், காலை 6.50

மேஜர் லீகுக்கு வெளியே பார்க்கலாம் என்றால் இந்த விவாதத்தில் ஒருவர் தனியாக நிற்கிறார். மசாஹிரோ தனாகா, ரகுடென் கோல்டன் ஈகிள்ஸ், 2013. 24 வெற்றி, 0 தோல்வி. ஈ.ஆர்.ஏ. 1.27. சதவீதம் 1.000. அவர் ஸ்டார்ட்டர்.

கணக்குப்பிள்ளை சாரின் கழித்தலை இங்கே செய்து பாருங்கள். ரகுடென் அந்த வருடம் 82க்கு 59, மூன்று சமன். தனாகாவை எடுத்துவிட்டால் 58க்கு 59. அதாவது அவர் இல்லாத ரகுடென் சாதாரண அணி. அவரோடு அது லீகை ஜெயித்தது. ரகுடெனின் ஊர் சென்டாய். 2011 நிலநடுக்கமும் சுனாமியும் அடித்துப் போட்ட பகுதி. இரண்டே வருடம் ஆகியிருந்தது.

ஜப்பான் சீரிஸின் ஆறாவது ஆட்டத்தில் தனாகா யோமியுரி ஜயண்ட்ஸிடம் தோற்றார். வருடம் முழுக்கத் தோற்காதவர், ஜெயித்தால் கோப்பை என்ற இரவில் தோற்றார். கடைசிவரை நின்று 160 பந்துகள் வீசினார். மறுநாள் ஏழாவது ஆட்டம், 3க்கு 0 என்று ரகுடென் முன்னிலை. ஒன்பதாவது இன்னிங்ஸ். புல்பென் (ரிலீவர்கள் காத்திருக்கும் இடம்) கதவு திறந்து தனாகா நடந்து வருகிறார். முந்தின நாள் 160 பந்து வீசிய அதே கை. மழைத் தூறலில் மொத்த அரங்கமும் எழுந்து நின்று பாடியது. முடித்துக்கொடுத்தார்.

அந்த ஆட்டத்தின் வெற்றி அவர் பெயரில் இல்லை. முந்தின நாள் தோல்வியும் 24க்கு 0 என்ற கணக்கில் சேராது, அது சீசனுக்கு அப்பாற்பட்டது.


மழைநின்றஆட்டம் · திங்கள், காலை 8.15

இதைப் படித்துவிட்டு வேலைக்குக் கிளம்ப மனம் வரவில்லை. மிக்க நன்றி.


எண்கள்_பேசட்டும் · திங்கள், மதியம் 12.40

தாமதமாக வருகிறேன். இந்தக் காலத்து ஆட்களையும் சேர்க்க வேண்டும். 2022இல் டாட்ஜர்ஸின் டோனி கோன்சோலின் 16க்கு 1, .941. விகிதத்தில் ஃபேஸுக்கு அடுத்து இவர்தான், ஆலனுக்கும் மேலே. ஈ.ஆர்.ஏ. 2.14. ஆனால் 24 ஆட்டங்களில் 130⅓ இன்னிங்ஸ், ஒரு ஆட்டத்துக்கு ஐந்தரை கூட வராது. அவரைக் கழித்தாலும் டாட்ஜர்ஸ் 95க்கு 50. நன்றாக வீசினார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த .941இல் 111 ஆட்டம் ஜெயித்த அணியின் பேட்டும் புல்பென்னும் பெரும்பங்கு.

இன்று விருது கொடுப்பவர்களே இந்த எண்ணை விட்டு நகர்ந்துவிட்டார்கள். 1990இல் பாப் வெல்ச் 27க்கு 6 என்பதற்காக, ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார், ஈ.ஆர்.ஏ. 1.93 வைத்திருந்த ரோஜர் கிளெமென்ஸுக்குக் கிடைக்கவில்லை. 2010இல் ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 13க்கு 12 என்ற கணக்கோடு வாங்கினார். 2018இல் ஜேக்கப் டிக்ரோம் 10க்கு 9, ஈ.ஆர்.ஏ. 1.70. அவர் வீசிய நாள்களில் மெட்ஸ் பேட்டர்கள் ரன் எடுக்கத் தடுமாறிய வருடம் அது. அதே கையை 1931 அத்லெடிக்ஸில் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.


புதுவரவு · திங்கள், இரவு 9.30

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். இந்தப் பட்டியலில் உள்ளவர்களின் வெற்றிகளில் ஒரே ஒரு பழைய ஆட்டத்தை முழுதாகப் பார்க்க வேண்டும் என்றால் எதைப் பார்க்கலாம்?


எடிசன்வாசி · திங்கள், இரவு 10.18

தம்பி, 1978 அக்டோபர் 2, பாஸ்டன் ஃபென்வே பார்க். யாங்கீஸும் ரெட் சாக்ஸும் 162 ஆட்டம் ஆடி 99க்கு 63 என்று சமமாக நின்றதால் வைத்த ஒற்றை ஆட்டம். கிட்ரி மூன்றே நாள் ஓய்வில் வந்து வீசினார். ஜெயித்தால் 25க்கு 3. தோற்றால் 24க்கு 4, .857, அதாவது இந்த இழையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஆறு இன்னிங்ஸ் முடிவில் ரெட் சாக்ஸ் 2, யாங்கீஸ் 0. கிட்ரி தோற்றுக்கொண்டிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். ஏழாவதில் இரண்டு பேர் பேஸில் நிற்க, ஒன்பதாவது பேட்டராக பக்கி டென்ட் வருகிறார். அந்த வருடம் அதுவரை நான்கே ஹோம் ரன் அடித்தவர். ஒரு பந்தைத் தன் காலிலேயே அடித்துக்கொண்டு நொண்டுகிறார். அந்த இடைவெளியில் மிக்கி ரிவர்ஸ் அவர் பேட்டில் விரிசல் இருப்பதைப் பார்த்து வேறு பேட் கொடுத்து அனுப்புகிறார். அடுத்த பந்து இடது பக்கப் பச்சைச் சுவரைத் தாண்டிப் போகிறது. 3க்கு 2. அதே இன்னிங்ஸில் இன்னும் ஒரு ரன்.

கிட்ரி ஏழாவதில் ஒருவரை அவுட் செய்தபின் வெளியே போகிறார். அங்கிருந்து கூஸ் காசேஜ். ஒன்பதாவது வரும்போது 5க்கு 4. இரண்டு பேர் அவுட், சமன் செய்யும் ரன் தேர்ட் பேஸில், பேட்டில் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி. மேலே குரோவுக்கும் ஆலனுக்கும் நடந்ததை நினைவில் வைத்துக்கொண்டு இந்தப் பந்தைப் பாருங்கள். யஸ்ட்ரெம்ஸ்கி அடித்தது செங்குத்தாக வானத்துக்குப் போகிறது. கிட்ரிக்கு இனி செய்ய ஒன்றும் இல்லை. தேர்ட் பேஸ்மேன் கிரேக் நெட்டில்ஸ் கோட்டுக்கு வெளியே நகர்ந்து, அண்ணாந்து பார்த்து, இரண்டு கையாலும் பிடிக்கிறார்.